சத்தத்துக்கு முன்னால் போன விமானம்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விமானம் பார்க்கத் தெரியாது. இதை அவர்கள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை, டீச்சர் வாய் அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். சத்தம் கேட்டதும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, சத்தம் வருகிற பக்கமாக அண்ணாந்து பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. விமானம் அதற்குள் வானத்தின் வேறு மூலைக்குப் போயிருக்கும். "சத்தம் மட்டும் போவுது, ப்ளேனு எங்கப்பா?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுவிட்டு மறுபடி வேலையில் குனிந்துவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். மின்னல் முதலில் தெரியும், இடி பிறகு கேட்கும் என்று ஐந்தாம் வகுப்புக்கு வருஷம் தவறாமல் பாடம் நடத்தியவள், விமானத்தைத் தேடும்போது மட்டும் காதை நம்பினேன்.

வில்லியனூரிலிருந்து ஆற்றுப் பக்கமாகப் போனால் வருகிற சின்னக் கத்தோலிக்கப் பங்கு ஊர் எங்களுடையது. நடுவில் மாதா கோயில், அதை ஒட்டி நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம், சுற்றிலும் நெல்லும் கரும்பும். என் வீட்டுக்காரர் மூலக்குளம் வழியாகச் சைக்கிள் மிதித்து டவுனில் ஒரு பஞ்சாலைக்கு வேலைக்குப் போவார். அறுபதுகளில் எங்கள் தலைக்கு மேல் வந்தவை எல்லாம் சாதுவான விமானங்கள். தூரத்திலேயே உறுமத் தொடங்கி, நின்று நிதானமாகக் கடந்து போகும். நாற்று நடுகிறவர்களுக்கு இடுப்பை நிமிர்த்த அது ஒரு சாக்கு. சத்தத்தைவிட வேகமாகப் போகிற விமானங்கள் வந்துவிட்டன என்று பேப்பரில் படித்திருந்தேன். படித்ததோடு சரி. அப்படி ஒன்று எங்கள் கரும்புக் கொல்லைக்கு மேலே வரும் என்று நினைக்கவே இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு மகள் பிறந்தாள். ஒரே பிள்ளை. பார்க்க லட்சணமாக, துறுதுறுவென்று இருப்பாள். கண்ணில் படுகிற எதையும் விடமாட்டாள். எறும்பு வரிசை, ஓட்டில் உட்கார்ந்த ஓணான், தூரத்தில் ரயில் விடும் புகை, எல்லாவற்றையும் விரலால் சுட்டிக் காட்டி என் புடவையை இழுப்பாள். ஆனால் கூப்பிட்டால் வரமாட்டாள். மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. என்னவோ ஒரு சத்தம் எழுப்புவாள், அவ்வளவுதான்.

எனக்கு அது திமிராகப் பட்டது. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்காரவைக்கிறவளின் வீட்டிலேயே ஒரு பிள்ளை, பெயர் சொல்லிக் கத்தினாலும் முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணில் விளையாடினால் எப்படி இருக்கும்? என் கோபம் ஊரறிந்தது. ஸ்கேலை எடுத்திருக்கிறேன். கிள்ளியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் காதைத் திருகியிருக்கிறேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் அவளைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டுக்காரி. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள், என்னைவிட பத்து வயது மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் ஒருநாள் சுற்றி வளைத்து ஆரம்பித்தாள்.

"டீச்சர், நான் இன்னா சொல்றன்னா... கோச்சிக்காத. புள்ளய பின்னால நின்னு கூப்டா திரும்ப மாட்டுது. டவுனு ஆஸ்பத்திரில ஒருவாட்டி காட்டேன்."

"ஏன்கா, உன் புள்ளைங்க மட்டும் கூப்பிட்ட உடனே ஓடி வந்துடுதா?" என்றேன்.

என்னிடம் அசைக்க முடியாத ஒரு சாட்சி இருந்தது. எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை கோயில் மைதானத்தைச் சுற்றி நடக்கும். பன்னிரண்டாம் ஸ்தலத்தில் ஆண்டவர் உயிர் விடுகிறார். அந்த இடத்தில் பூமி அதிர்ந்ததைக் காட்டுவதற்காக, இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து ஒரு அதிர்வேட்டு போடுவது வழக்கம். முந்தின வருஷம் என் இடுப்பில் இருந்தவள், வேட்டு வெடித்ததும் தூக்கிவாரிப்போட்டு வீறிட்டு அழுதாள். காது கேட்காத பிள்ளையா அப்படி அழும்? இதை நான் அக்காவிடம் சொன்னேன், வீட்டுக்காரரிடம் சொன்னேன், எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் அதைக் கேட்டுவிட்டுச் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார்.

அந்த வருஷம் அதிர்வேட்டு வேண்டாம் என்று எங்கள் பங்குச் சாமியார் தடை போட்டுவிட்டார். போன வருஷம் வேட்டுச் சத்தத்தில் ஒரு வயதானவர் மயங்கி விழுந்ததுதான் காரணம். பரம்பரையாக வேட்டு போடுகிறவருக்கு முகம் தொங்கிப்போனது. பெரிய வியாழனிலிருந்து கோயில் மணியும் அடிக்க மாட்டார்கள். மணிக்குப் பதில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஆக, அந்தப் பெரிய வெள்ளி எங்கள் ஊர் கண்ட பெரிய வெள்ளிகளிலேயே மௌனமான ஒன்றாக இருக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிற்பகல் மூன்று மணி. மேகம் ஒரு துணுக்குகூட இல்லை. மணல் சுட்டது. பன்னிரண்டாம் ஸ்தலம் வந்ததும் ஊரே முட்டி போட்டது. சாமியார் புத்தகத்தை மூடிக்கொண்டு தலை குனிந்தார். குழந்தைகளின் வாயைக்கூடப் பொத்தி வைத்திருந்தார்கள். தூரத்தில் ஒரு காக்கை மட்டும் கத்தியது, அதுவும் நின்றது. நான் முன்வரிசையில் இருந்தேன். மகள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளை முட்டி போட வைக்க முடியவில்லை.

அப்போது அவள் என் முந்தானையை இழுத்தாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து உலுக்கி, தொண்டையிலிருந்து அந்தச் சத்தத்தை எழுப்பினாள். அவ்வளவு அமைதியில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. பின்னாலிருந்து யாரோ 'ச்சு' கொட்டினார்கள். எனக்கு மானமே போனது. கண்ணைத் திறந்தேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாக, கிழக்கே உச்சி வானத்தைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் மேலே பார்க்கவில்லை. அவள் காதைப் பிடித்துத் திருகினேன். லேசாக இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். அவள் சிரிப்பு அப்படியே நின்று, கண்ணில் நீர் முட்டியது. ஆனால் சுட்டின விரலை அவள் இறக்கவில்லை.

நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு பரலோக மந்திரத்தைத் தொடங்கினேன். பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

அது விழுந்தது.

கேட்டது என்று எழுத வரவில்லை. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் குதிகாலை மிதித்துக்கொண்டு இன்னொன்று. வானம் முழுக்க ஒரே தகரமாக இருந்து அதை யாரோ மேலிருந்து இரண்டு முறை அறைந்தது போல இருந்தது. நெஞ்சுக் குழிக்குள் என்னவோ நகர்ந்து திரும்பி வந்தது. கோயில் ஜன்னல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கிடுகிடுத்தன, ஒரு கண்ணாடி கழன்று கீழே விழுந்து நொறுங்கியது. தென்னந்தோப்பிலிருந்த பறவை மொத்தமும் ஒரே கருப்பாக மேலே கிளம்பியது. ஊர் நாய்கள் குரைக்கக்கூடத் தோன்றாமல் ஓடின. ஜனங்கள் மண்ணில் முகம் பதித்து விழுந்தார்கள். விழாதவர்கள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குறுகினார்கள். நான் உட்பட. எத்தனையோ இடி கேட்டிருக்கிறேன், புயலில் ஓடு பறந்ததைக் கேட்டிருக்கிறேன். மேகமே இல்லாத வானத்திலிருந்து, நம்மைச் சட்டை பண்ணாத ஏதோ ஒன்று அப்படிக் குரல் கொடுத்தால் மனுஷப் பிறவிக்கு வருவது பயம் மட்டும் இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். அண்ணாந்து நிற்கவும் தோன்றுகிறது. நான் எவ்வளவு சின்னவள் என்று எனக்கு உடம்பிலேயே தெரிந்தது.

பிறகுதான் பிள்ளை நினைவு வந்து திரும்பினேன்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். ஒரு காது சிவந்து, கன்னத்தில் நீர் வழிந்து, விரல் இப்போது மேற்கே காட்டிக்கொண்டிருந்தது. திடுக்கிட்டதற்கான அடையாளம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. விரலை இறக்கிவிட்டுச் சுற்றி விழுந்து கிடந்தவர்களை வேடிக்கை பார்த்தாள். எல்லோரும் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தன் காதை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் போனாள். எல்லோருடைய காதையும் நான் திருகிவிட்டேன் என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும்.

அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தின வருஷம் வேட்டுக்கு அவள் அழுததும் விளங்கியது. இடுப்பில் வைத்திருந்த நான் துள்ளினேன். என் துள்ளலுக்கு அவள் அழுதாள்.

சுற்றிலும் வேறு ஒரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. சாமியார் எழுந்து நேராக வேட்டுக்காரரிடம் போனார். "வேணாம்னு எத்தனை தடவ சொன்னேன்? ஆண்டவர் சாகிற நேரத்திலயும் உனக்கு வீம்பா?" என்றார். அந்த மனிதர் முட்டியிலிருந்து எழவே இல்லை. "சாமி, மாதா மேல சத்தியமா நான் இல்ல சாமி. மருந்தே வாங்கல. வூட்டுல வந்து பாருங்க, குழா கவுந்து கெடக்குது" என்று அழுதார். சாமியார் காற்றை முகர்ந்து மருந்து வாடை வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. அதற்குள் பாதி ஊர் அழத் தொடங்கியிருந்தது. வேதத்தில் சொன்னபடியே பூமி அதிர்ந்து பாறை பிளந்துவிட்டது என்று அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். மறுநாள் பத்துப் பேர் கிளம்பி ஆற்றங்கரைக்குப் போய், களிமண்ணில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த வெடிப்பைக் கண்டுபிடித்தார்கள். கோடைதோறும் ஆறு காய்ந்தால் அந்த இடத்தில் வெடிப்பு விழும். அந்த வருஷம் மட்டும் அதற்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அது விமானம் என்று எங்கள் தலைமையாசிரியர் விளக்கி, சாமியார் அதைப் பூசையிலேயே அறிவித்தும் சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. வேட்டுக்காரர் பல மாதம் சாமியாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் பதின்மூன்றாம் ஸ்தலத்துக்கு நிற்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். பித்தளைத் தாம்பாளத்தைத் தரையில் போட்டேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவள் தாயக்கட்டையை உருட்டி உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் வாசற்படியில் வந்து நின்றார்.

"தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"ஒரு வருஷமா தெரியும்."

"ஏன் சொல்லல?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "எப்படிச் சொல்றது? நீ கத்துவ."

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தெரிந்திருக்கிறது, என் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அன்று நான் கத்தவில்லை. அழவும் வரவில்லை. அவளுடைய காதில் தேங்காய் எண்ணெய் தடவினேன். அவள் தலையைத் தள்ளிக்கொண்டாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் மணி அடித்துப் பார்த்தார்கள், இரும்புக் கவட்டையைத் தட்டி அவள் காதோரம் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, "இவ்வளவு நாள் கவனிக்கலையா?" என்று கேட்டார்.

காது கேட்காததுகூட எனக்குப் பிறகு பழகிவிட்டது. பழகாதது இன்னொன்று. அந்தப் பெரிய வெள்ளிக்குப் பிறகு அவள் எனக்கு எதையும் காட்டவில்லை. எறும்பையும் ஓணானையும் அப்பாவுக்குக் காட்டுவாள், அக்காவை இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள். என் பக்கம் திரும்பினால் கை கீழே இறங்கிவிடும். சொன்னதைச் செய்வாள், சோறு ஊட்டினால் வாங்குவாள், ராத்திரி என் மேல் காலைப் போட்டுத் தூங்குவாள். விரல் மட்டும் எனக்காக நீளவில்லை. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன், எந்த பாஷையில் கேட்பது? அவள் அழகாக இருந்த ஒன்றை எனக்குக் காட்டினாள், நான் காதைத் திருகினேன். அவள் கணக்கில் நடந்தது அவ்வளவுதான். மீதி எதையும் அவளுக்கு விளக்க எனக்கு வழி தெரியவில்லை.

விமானங்கள் அதோடு நிற்கவில்லை. வருஷத்தில் சில நாட்கள், எப்போது என்று சொல்ல முடியாது, வரும். ஊர் மெதுவாகப் பழகியது. "கெளம்பிட்டான்யா" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டிக்கொடுப்பார்கள். எனக்கு மட்டும் பழகவில்லை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு ஒரு நொடி நின்றுதான் ஓடும். அண்ணாந்து தேடுவேன், ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரியும். கிணற்றடியில் இருப்பாள், திடீரென்று எழுந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுப்பாள். இருவரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். அவர் முகம் மாறும். அவருடைய வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஆலை இரைச்சலில் பாதி காதைத் தொலைத்த மனுஷன், ஐம்பது நூல் இழைகளை ஒரே சமயத்தில் பார்க்கிற கண், பிள்ளை காட்டினால் உடனே பிடித்துவிடும். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் அந்தச் சத்தம் வந்து அறையும், அவர் தோளைக் குறுக்கிக்கொள்வார், அவள் அவரைப் பார்த்துச் சிரிப்பாள். அந்த இரண்டு பேரிடமும் எனக்கு இருந்த பொறாமையை இங்கே ஒளிக்கப்போவதில்லை.

அவளை டவுனில் காது கேளாத பிள்ளைகளுக்கான கன்னியர் பள்ளியில் சேர்த்தோம். அங்கேயே தங்கிப் படித்தாள். எழுத்து அவளுக்குச் சீக்கிரம் வந்தது. விடுமுறைக்கு வரும்போது கையில் நோட்டும் பென்சிலும் இருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பாகூர் பக்கம் மாற்றலாகி, ஏரிக்கரைக்குக் கிட்டே வீடு எடுத்தோம். அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவள் வந்தபோது பத்து வயது. ஏரி நிறைந்து கிடந்தது. மழை கழுவிவிட்டுப் போன வானம். ஒருநாள் காலை மூன்று பேரும் கரையில் உட்கார்ந்திருந்தபோது அவள் நோட்டில் எழுதி அப்பாவிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "இது டீச்சர் வேலை" என்றார்.

'விமானம் போய்விடும். பிறகு ஏன் எல்லாரும் பயம்? ஏன் லேட்?' என்று இருந்தது.

இத்தனை வருஷமும் அவள் எங்களை அப்படித்தான் பார்த்திருக்கிறாள். விமானம் வரும்போது ஒருவருக்கும் தெரியாது. அது போய்ச் சேர்ந்த பிறகு காரணமில்லாமல் எல்லோரும் குறுகுவார்கள். உலகம் முழுக்க மந்தமான ஜனங்கள். கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிற பதில். ஆனால் சத்தம் என்ற ஒன்றையே அறியாதவளுக்கு அது நடந்து வருகிறது, மெதுவாக வருகிறது என்று எப்படிச் சொல்வது? 'சத்தம் மெதுவாக வரும்' என்று எழுதினேன். அவள் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

எதிரே, ஏரி குறுகுகிற இடத்தில், மிஞ்சின தண்ணீர் வழிகிற கலிங்குக்கு அந்தப் பக்கம் ஒருவர் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். துணி மேலே போகும், கல்லில் விழும், மறுபடி மேலே கிளம்பும்போதுதான் சத்தம் எங்களிடம் வரும். நான் அவள் கையை எடுத்து உள்ளங்கையை விரித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவரைப் பார் என்று காட்டினேன். துணி கல்லில் விழுந்தது. காத்திருந்தேன். சத்தம் என் காதில் பட்ட நொடியில் அவள் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினேன். மறுபடி விழுந்தது, காத்திருந்தேன், தட்டினேன். ஏழெட்டு முறை ஆனது. அவள் நெற்றி சுருங்கியது. துவைக்கிறவரைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள், தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கரையோரமாகக் கலிங்கு வரை என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நின்று கையை நீட்டினாள். துணி கல்லில் விழுந்ததும் நான் தட்டினேன். இடைவெளி இல்லை. அவள் என்னைத் திரும்பவும் கரையின் கடைசி வரை இழுத்துக்கொண்டு நடந்தாள். அங்கே இடைவெளி முன்னைவிட நீண்டது. துவைக்கிறவர் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார். மூச்சு வாங்கியது எனக்கு. பத்து வயதுப் பிள்ளை ஒரு காலையில் தன் காலால் அளந்து கண்டுபிடித்ததை, நான் பதினைந்து வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு அழித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து விமானம் வந்தது.

அவளும் நானும் மட்டும் கரையில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். அவள் சட்டென்று நிமிர்ந்தாள். அப்பா இருக்கிறாரா என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். இல்லை. ஒரு நொடி தயங்கினாள். பிறகு என் கையைப் பிடித்தாள், கிழக்கே விரலை நீட்டினாள்.

இந்த முறை பார்த்தேன். அவள் விரல் நுனியிலிருந்து நேராகப் போனால், கடல் இருக்கிற பக்கம், நீலத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளி. பின்னால் நூல் இழுத்தது போல் ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவு உயரத்தில், அவ்வளவு வேகத்தில், சின்னச் சத்தம்கூட இல்லாமல் அது வந்தது. ஏரியில் தண்ணீர்க் கோழி ஒன்று முங்கி எழுந்தது. எங்கோ ஆடு கத்தியது. விமானம் தலைக்கு மேல் வந்து, தாண்டி, மேற்கே போய்க்கொண்டிருந்தது. உலகத்தில் அப்போது அதைவிட வேகமாக எதுவும் ஓடியிருக்காது, அதைவிட அமைதியாகவும் எதுவும் இருந்திருக்காது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் நான் கேட்டு நடுங்கியது இதன் வாலைத்தான். இந்த விமானத்தை நான் பார்த்ததே இல்லை. அவள் மூன்றரை வயதில் முந்தானையை இழுத்து எனக்குக் காட்ட நினைத்தது இதைத்தான். மனசுக்குள் மங்கள வார்த்தை ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்று முழுதாக முடிந்தது. இரண்டாவதன் பாதியில் வானம் இரண்டு முறை அறைந்தது. என்னையறியாமல் அவள் கையை இறுக்கி நசுக்கிவிட்டேன்.

அவள் நசுங்கின கையைப் பார்த்தாள். மேற்கே தேய்ந்துகொண்டிருந்த கோட்டைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன, எதையோ கூட்டிக் கழிக்கிற முகம். பிறகு நோட்டை எடுத்து, முட்டியில் வைத்து, அழித்து அழித்து எழுதி என்னிடம் தந்தாள்.

'அன்று கோயிலில் நீ என் காது திருகினாய். உனக்கு அப்போது இன்னும் வரவில்லை.'

ஆறு வருஷமாக அவள் வைத்திருந்த கணக்குக்கு அவளே எனக்காக ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிட்டாள். அம்மாவுக்குச் சத்தம் வந்து சேரவில்லை, அதனால் அம்மாவுக்கு எதுவும் தெரியாது, பாவம். நான் தலையாட்டிவிட்டு அதை வாங்கிக்கொண்டிருக்கலாம். ரொம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பென்சிலை வாங்கி, 'வந்திருந்தாலும் திருகியிருப்பேன். நீ காட்டினாய், நான் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது' என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு முறை படித்தாள். நோட்டை மூடிக் கீழே வைத்தாள். எழுந்து என் பக்கத்தில் வந்து, என் காதைப் பிடித்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே திருகினாள். விளையாட்டுக்கு இல்லை. நன்றாகவே வலித்தது.